பிச்சைக்கு வந்த பண்ணையார்

மாசானமுத்து அண்ணாச்சி காலமான செய்தி வந்தபோது நான் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவருடைய மகன் முருகேசன்தான் பேசினான். "சித்தப்பா, அப்பா போயிட்டாவ. குளிச்சிட்டு வந்து நாற்காலியில உக்காந்தாவ. அம்மா காப்பி கொண்டாறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு" என்றான். பொறுக்கியதைத் திரும்பக் கூடையிலேயே போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

ஆழ்வார்திருநகரியில் இறங்கியதும் சுவரில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். 'சின்னத்திரை பண்ணையார்' என்பது கொட்டை எழுத்தில் இருந்தது. மாசானமுத்து என்ற பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களில் ஒருத்தி, "ஏளா, இவரு போன வருஷமே செத்துட்டாருல்லா?" என்றாள். "அது நாடகத்துலளா. இது நெசம்" என்றாள் மற்றவள். அண்ணாச்சி உயிரோடு இருந்து கேட்டிருந்தால் அவருக்கு முதல் பெண்ணைத்தான் பிடித்திருக்கும்.

நம் திரைப்படக் கழக இதழுக்கு அவரைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். செத்துப்போனவர் எவராக இருந்தாலும் உத்தமராக்கி அனுப்பிவைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அண்ணாச்சிக்கு அது பிடிக்கும், எனக்குப் பிடிக்காது. அவரை அறிந்த உங்களுக்கு அவர் எப்படி இருந்தாரோ அப்படியே எழுதுவதுதான் மரியாதை என்று நினைக்கிறேன். அவர் வீண்பெருமை பிடித்த மனிதர். அதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது சுலபம்.

நாங்கள் இருவரும் ஒரே பஸ் பணிமனையில் வேலை பார்த்தோம். அவர் கண்டக்டர், நான் அலுவலகத்தில் எழுத்தர். திருச்செந்தூர் வழித்தடத்தில் அவர் போகும் வண்டியில் ஸ்ரீவைகுண்டம் வருகிறது என்பதைக்கூட அரண்மனைக் காவலன் அறிவிப்பதுபோல அறிவிப்பார். சில்லறை இல்லை என்று யாராவது சொன்னால் ஒரு கையை மேல்கம்பியில் வைத்துக்கொண்டு, மெல்லத் திரும்பி, ஒரு நெடும் பார்வை பார்ப்பார். சில்லறை வந்துவிடும். பாபநாசம், அம்பாசமுத்திரம் பக்கம் படப்பிடிப்பு என்று காதில் விழுந்தால் போதும், அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல், இல்லையென்றால் எங்காவது வலி. விடுப்பு விண்ணப்பம் என் மேசைக்குத்தான் வரும். அவருக்கு எங்கே வலி என்பதை வைத்தே எங்கே படப்பிடிப்பு என்று நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம்.

ஒருமுறை தாமிரபரணிக் கரையில் ஒரு சாவுக் காட்சி எடுத்தார்கள். அண்ணாச்சி கூட்டத்தில் ஒருவராக நின்று அழ வேண்டும். அவர் அழுத அழுகையில் கதாநாயகனே திரும்பிப் பார்த்துவிட்டாராம். இது அண்ணாச்சி சொன்னது. படம் வெளிவந்த அன்று பணிமனையே தியேட்டரில் இருந்தது. அந்தக் காட்சி வந்தது, போனது. திரையின் இடது ஓரத்தில் ஒரு முழங்கை தெரிந்தது. அது தன்னுடையதுதான் என்று சட்டையின் கட்டத்தை வைத்து அவர் நிரூபித்தார். வெளியே வந்து டீ குடிக்கும்போது நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"நீரு சிரியும்வே. அந்த முழங்கை அழுதுச்சா இல்லையா, அதச் சொல்லும்."

யோசித்துப் பார்த்தால் அது அழத்தான் செய்தது.

ஓய்வு பெற்ற பிறகுதான் அவருக்கு நல்ல காலம் பிறந்தது. ஒரு தொலைக்காட்சித் தொடரில் மருமகளைப் பாடாய்ப் படுத்தும் பண்ணையார் வேடம் கிடைத்தது. பெரிய மீசை, மை போட்ட தலை, நெற்றியில் பட்டை. ஊரெல்லாம் அவரைத் திட்டியது. திருச்செந்தூர் சந்தையில் ஒரு அம்மாள், "உமக்கு ஒரு மக பொறந்து, அவளுக்கு உம்ம மாதிரி ஒரு மாமனாரு வாய்ச்சாத் தெரியும்யா" என்று அவர் முகத்துக்கு நேரே சாபம் கொடுத்தார். அன்றைக்கு எனக்குப் போன் செய்து அதை அப்படியே, அந்த அம்மாளின் குரலிலேயே சொல்லிக் காட்டினார். ஜனங்கள் தொந்தரவு தாங்கவில்லை என்று தொப்பி வாங்கினார். தொப்பி போட்டுக்கொண்டு கூட்டம் அதிகமாக இருக்கும் தெரு எதுவோ அதன் வழியாகப் போவார்.

அவருடைய மனைவி செல்லக்கனி மதினிக்கு இந்தக் கூத்தெல்லாம் பழக்கம். உடன்குடிக்காரர். அதிகம் பேசமாட்டார். "மீசைக்கு மை போட்டுட்டு இருக்காவ, செத்த நேரம் உக்காருங்க தம்பி" என்று சொல்லும்போது அவர் முகத்தில் கேலியும் இருக்காது, பெருமையும் இருக்காது. மதினிக்கு இதய வால்வில் கோளாறு என்று தெரிந்து அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அண்ணாச்சி ஆடிப்போனார். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு வேண்டிக்கொண்டார். மனைவி பிழைத்து வந்தால் தசராவுக்கு மாலை போட்டு, பிச்சைக்கார வேடம் கட்டி, வீடு வீடாகப் பிச்சை எடுத்துக் காணிக்கை செலுத்துவதாக நேர்த்தி.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ராஜா, போலீஸ், குறவன், காளி என்று என்ன வேடம் நேர்ந்துகொள்கிறோமோ அந்த வேடத்தில்தான் போக வேண்டும். மாற்றிக்கொள்ள முடியாது. பிச்சைக்கார வேடம் என்றால் கை நீட்டி வாங்கியதை அம்மன் உண்டியலில் போட வேண்டும். கையை நீட்டும்போது மனுசனுக்கு இருக்கிற திமிர் இறங்கும், அதுதான் கணக்கு.

மதினி பிழைத்து வந்தார். அந்த வருடம் அண்ணாச்சி வேடம் கட்டினார். அவர் ஊர் தசரா குழுவினர் அவரை விடுவார்களா? 'சின்னத்திரை பண்ணையார் பிச்சை எடுக்கிறார்' என்று பிளக்ஸ் வைத்துவிட்டார்கள். மைக்கில் அறிவித்துக்கொண்டு ஒரு வேன் முன்னால் போனது. கிழிந்த சட்டையும் திருவோடுமாக அண்ணாச்சி பின்னால் நடந்தார். ஆனால் மீசை அப்படியே, நடை அப்படியே. வீட்டுக்கு வீடு செல்பி. "ஒரு வசனம் பேசுங்க பண்ணையாரே" என்பார்கள், பேசுவார். திருவோடு நிரம்பி வழிந்தது. அந்த வீடியோக்களை எனக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். சாமி விஷயத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது, நமக்கென்ன என்று விட்டுவிட்டேன்.

சில மாதங்களில் மதினிக்கு மறுபடியும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. இன்னொரு அறுவை சிகிச்சை தேவைப்படலாம், மருந்து சாப்பிடட்டும், தீபாவளிக்குப் பிறகு பார்த்து முடிவெடுக்கலாம் என்றார் மருத்துவர். அந்தச் சமயத்தில்தான் நம் கழகத்தில் அந்தப் பிரெஞ்சுப் படத்தைத் திரையிட்டோம்.

உங்களில் சிலர் அன்று அச்சகத்து மாடியில் இருந்தீர்கள். படத்தின் பெயர் என் வாயில் அன்றும் நுழையவில்லை, இன்றும் நுழையவில்லை. நடிகர்களின் பிழைப்பை நடிகர்களே கேலி செய்யும் நகைச்சுவைப் படம். பெரிய கண்ணாடி யாருக்கு என்று இரண்டு நடிகர்கள் ஒப்பனை அறையில் மல்லுக்கட்டுவார்கள். ஒரு நடிகை சாவு வீட்டுக்குப் போய், விதவைக்கு எப்படி அழுவது என்று திருத்தம் சொல்வாள். கீழே ஆங்கில எழுத்து ஓடிக்கொண்டிருக்க, நான் மைக்கில் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சிக்கு என் உதவி தேவைப்படவில்லை. தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "இந்தப் பயலுவளுக்கு நம்ம கதையெல்லாம் யாருவே சொன்னது?" என்று முன்வரிசையிலிருந்து கத்தினார்.

பிறகு ஒரு காட்சி வந்தது. பெயர்பெற்ற வயதான நடிகர் ஒருவர் பிச்சைக்காரராக நடிக்க வேண்டும். பயிற்சிக்காக மாதா கோவில் வாசலில் போய் உட்காருகிறார். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவருக்குப் பொறுக்கவில்லை. மெதுவாகத் தொப்பியைக் கழற்றுகிறார், முகத்தை வெளிச்சத்துக்குக் காட்டுகிறார். கூட்டம் கூடிவிடுகிறது. பணமும் கையெழுத்து வாங்கத் தாளும் குவிகின்றன. பக்கத்தில் இருந்த நிஜப் பிச்சைக்காரன் தன் துணியைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போகிறான். நடிகர் வீட்டுக்கு வந்து, "பிச்சைக்காரனின் வாழ்க்கையை இன்று உணர்ந்தேன்" என்று மனைவியிடம் கண்ணீர் விடுகிறார். மாடியே சிரித்தது. முன்வரிசையில் மட்டும் சத்தம் இல்லை.

படம் முடிந்து நாற்காலிகளை மடக்கும்போது அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போனேன்.

"நான் பிச்சை எடுக்கலவே," என்றார். "வசூல் பண்ணிருக்கேன்."

பக்கத்து நாற்காலியை மடக்காமல் அதில் உட்கார்ந்தேன்.

"அம்மன் என்ன கோட்டிக்காரியா? அவளுக்குத் தெரியாதா? செல்லக்கனிக்குத் திரும்ப மூச்சு வாங்குதுன்னா எதுக்கு வாங்குது?"

வால்வுக்கும் வசனத்துக்கும் சம்பந்தமில்லை என்று நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "நீரு படிச்சவரு, அப்படித்தான் சொல்லுவீரு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். ஒரு நகைச்சுவைப் படத்தைப் பார்த்து அப்படி இடிந்துபோன மனிதரை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

அடுத்த தசராவுக்கு மாலை போடுவதற்கு முதல் நாள் மீசையை எடுத்துவிட்டார். தொடர் ஓடிக்கொண்டிருந்த நேரம். படப்பிடிப்புக்கு வரமாட்டேன், விரதம் என்று சொல்லியிருக்கிறார். மீசையும் போய்விட்டது என்று தெரிந்ததும் இயக்குநர் கூச்சல் போட்டாராம். விரதம் முடிந்த பிறகாவது ஒட்டு மீசை வைத்துக்கொண்டு போகலாமே என்று நான் கேட்டேன்.

"அம்மனுக்காக எடுத்த மீசவே. ஒட்டு மீசை வச்சா எடுத்ததே நடிப்பாயிரும்" என்றார். அவர் அதைச் சிரிக்காமல் சொன்னதால் நானும் சிரிக்கவில்லை.

ஆக, தொடரில் பண்ணையாரைக் கொன்றுவிட முடிவு செய்தார்கள். ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த காட்சிகள் தீரும்வரை ஓட்டிவிட்டு, பிறகு சுவரில் படம் மாட்டி மாலை போடுவதாக ஏற்பாடு. அத்தனை வருடம் காத்திருந்து கிடைத்த வேடம் அது. அதற்குப் பிறகு அவருக்கு வேறு எதுவும் வரவில்லை, வராது என்பதும் அவருக்குத் தெரியும்.

இந்தமுறை குழுவோடு போகவில்லை. என்னைக் கூப்பிட்டார். "நீரு தண்ணி பாட்டிலத் தூக்கிட்டுக் கூட வாரும். நான் எங்கயாவது வாயத் தொறந்து இன்னாருன்னு காட்டிக்கிட்டா என்னப் பிடிச்சுக் கிள்ளும்" என்றார். நம்பிக்கையில்லாதவனுக்குக் கொடுக்கிற வேலையா அது என்று கேட்டேன். "சாமி கும்பிடுதவன் எவனுக்கும் என்னக் கிள்ள மனசு வராதுவே" என்றார்.

உடன்குடித் தெருக்களில் வெயிலில் நடந்தோம். நான் பத்தடி தள்ளியே போனேன். எப்போதும் மை போட்டே நான் பார்த்திருந்த தலை முழுக்க வெளுத்துக் கிடந்தது. விரத நாட்களில் வளர்ந்த நரைத்த தாடி முகம் நிறைய. முதல் நாள் வெறும் குரலைக் கேட்டே யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயந்தேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. சிலர் போட்டார்கள், சிலர் கதவைச் சாத்தினார்கள். "போன வருஷம் பண்ணையாரே வந்தாரு தெரியுமா" என்று ஒரு கடைக்காரர் அவரிடமே பெருமையாகச் சொன்னார். அண்ணாச்சி தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். அந்த இரண்டு தெருவுக்குள் அவர் வயது கூடிப்போனதுபோல இருந்தது.

மதியம் ஒரு வீட்டு வாசலில் நின்றார். முன்னறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் நின்ற எனக்கே திரை நன்றாகத் தெரிந்தது. மறு ஒளிபரப்பு. திரையில் பண்ணையார் கூடத்தின் நடுவில் நிற்கிறார், மருமகள் பெட்டியோடு நிற்கிறாள், எல்லார் முகத்தையும் கேமரா ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. வீட்டுக்காரப் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அலமாரியில் கையை விட்டுச் சில்லறை தேடினாள்.

"அம்மா, முத்தாரம்மனுக்கு..." என்றார் அண்ணாச்சி.

"செத்தப் பொறும்யா. பண்ணையார் என்னமோ சொல்லப் போறாரு."

கையில் அகப்பட்ட காசுகளை அவள் பார்க்காமலே திருவோட்டில் போட்டாள். காசு கலகலவென்று விழுந்த அதே நேரத்தில் பண்ணையார் வசனத்தைச் சொல்லி முடித்துவிட்டார். இசை அதிர்ந்தது, தொடரும் என்று எழுத்து விழுந்தது.

"அடச்சே, காசுச் சத்தத்துல போச்சே! அத்தே, என்ன சொன்னாரு?" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். எனக்கெங்க கேட்டுது என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது. அவள் வாசல் பக்கம் திரும்பினாள். அண்ணாச்சியின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"ஏன்யா, நீரு இங்கன நின்னீரே. உமக்குக் கேட்டுதா? பண்ணையார் என்ன சொன்னாரு?"

நான் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓடிப்போய்க் கிள்ளுவதற்குத் தூரம் அதிகம். அந்த வசனம் அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். படப்பிடிப்பு முடிந்த அன்றே போனில் எனக்கு மூன்று விதமாகப் பேசிக் காட்டியிருந்தார். நீதி, நேர்த்தி, அம்மன் எதுவும் அப்போது என் நினைவில் இல்லை. சொல்லித் தொலையுமே, அந்தப் பெண் ஒரு தடவை வாயைப் பிளக்கட்டுமே என்றுகூட எனக்குத் தோன்றியது.

அண்ணாச்சி இல்லை என்று தலையை ஆட்டினார். காதைத் தொட்டுக் கையை விரித்தார். "சரி, போயிட்டு வாரும்" என்று அவள் ரிமோட்டை எடுத்தாள். அவர் அடுத்த வீட்டுக்குப் போனார். வழக்கமாக யாராவது பார்த்தால் அவர் முகத்தில் ஏதாவது ஒன்று ஓடத் தொடங்கிவிடும். அன்று ஒன்றும் ஓடவில்லை. யாரோ ஒரு கிழவர் கையேந்தி நின்றார், அவ்வளவுதான்.

குலசேகரன்பட்டினத்தில் காணிக்கையைச் செலுத்திவிட்டு, கடலில் குளித்து, மாலையைக் கழற்றிய பிறகு மணலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். திடீரென்று எழுந்து நின்றார். துண்டை உதறித் தோளில் போட்டார். பழைய பெரிய மீசை இன்னும் இருப்பதுபோல முறுக்கினார். "ஏ மருமகளே! இந்த வீட்டுல உலை கொதிக்கிறதும் நான் சொன்னாத்தான், அணையுறதும் நான் சொன்னாத்தான்!" என்று கடலைப் பார்த்து முழங்கினார். குளித்துக்கொண்டிருந்த ஒரு காளி திரும்பிப் பார்த்தார். அண்ணாச்சி உட்கார்ந்துகொண்டு, "அவ்வளவுதான்வே வசனம். பெரிசா ஒண்ணும் இல்ல" என்றார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த பிரியம் பிறகு குறையவே இல்லை.

தீபாவளி கழிந்து பரிசோதித்த மருத்துவர், அறுவை சிகிச்சை வேண்டாம், மருந்தே போதும் என்றார். நான் மருந்தைக் காரணமாகச் சொன்னேன், அண்ணாச்சி அம்மனைச் சொன்னார். மதினி மாத்திரையையும் விழுங்கினார், விளக்கும் ஏற்றினார்.

வாசலில் அடக்கியதை அண்ணாச்சி வீட்டில் அடக்கவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் அதை நடித்துக் காட்டினார். அந்தப் பெண்ணாகவும், அடுப்படி மாமியாராகவும், காசாகவும்கூட அவரே நடித்தார். போகப் போகக் கதை வளர்ந்தது. தெருவே கூடி நின்றதாக ஆனது. மின்கம்பத்தைப் பிடித்தபடி நான் அழுததாகவும் ஒரு பாடம் உண்டு. நான் அழவில்லை.

அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு நான் மதினியிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். காலையிலிருந்து அவர் அழவில்லை என்று முருகேசன் கவலைப்பட்டுக்கொண்டிருந்தான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்த பெண்களைக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொன்னார்.

"தம்பி, அவிய எத்தனையோ கத சொல்லுவாவ. அதுல எது நெசம், எது நடிப்புன்னு நான் கேட்டதே கெடையாது. இத மட்டும் கேக்குதேன். நீங்க கூட இருந்தியளே. அந்தப் பொம்பள கேட்டப்ப அவிய நெசமாவே வாயத் தொறக்கலையா?"

"தொறக்கல மதினி" என்றேன். "நான் பாத்தேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னொரு முறை சொன்னேன். அதன் பிறகுதான் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார்.

அண்ணாச்சியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு நிமிடத்தைத்தான். அவர் சொன்ன மற்றக் கதைகளுக்கெல்லாம் அவரே சாட்சி. இதற்கு நான் சாட்சி.